இடது இடுப்பில் குடம்

5 ஜூலை 1993, திங்கள்

தீபாவளிக்கு நாங்களே எழுதிய விளையாட்டு ஒன்றைக் கடைக்கு அனுப்பலாம் என்று முதலாளி இன்று ஒப்புக்கொண்டார். ‘நாங்களே’ என்றால் நான். சுடர் வீடியோ டாய்ஸ் கம்பெனியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு வருடமாக அடுத்தவன் எழுதிய விளையாட்டை உருவி, சிப்பில் பதிந்து, பிளாஸ்டிக் கேட்ரிட்ஜில் அடைத்து, மேலே புதுப் பெயர் ஒட்டி பாரிமுனைக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். திருட்டு. முதலாளி தீனதயாளன் சார் இதை உள்நாட்டு உற்பத்தி என்பார்.

கேட்ரிட்ஜைச் செருகி டிவியில் இணைத்து ஆடும் பெட்டி ஒன்று உண்டு. கேட்ரிட்ஜில் புரோகிராமுக்கு முப்பத்திரண்டு கிலோபைட், படங்களுக்கு எட்டு. ஒரு கட்டுரை நோட்டு முழுதாக அதில் அடங்காது. அதற்குள் ஒரு தெருவை வைக்கப்போகிறேன்.

விளையாட்டின் பெயர் தண்ணி லாரி. கொரட்டூரில் என் அறை இருக்கும் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை லாரி வருகிறது. அது நிற்பதற்குள் பெண்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள். ஏரிகள் எல்லாம் வெடித்துக் கிடக்கின்றன. அண்ணா நகரில் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தப் புல்தரை வீட்டுப் பிள்ளைகள்தான் கேட்ரிட்ஜ் வாங்குகிறார்கள். அவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு குடம் தண்ணீருக்கு ஓடட்டும். முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை. நகைச்சுவை விளையாட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

9 ஜூலை, வெள்ளி

பெண் உருவத்தை இன்று திரையில் கொண்டுவந்தேன். பதினாறு புள்ளி உயரம், பதினாறு புள்ளி அகலம். அதற்குள் தலை, கொண்டை, புடவை, குடம்.

சிப்பில் பதிகிற காப்பி பிரிவில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கிய சிப்புகள் மூட்டையாக வரும். ஒவ்வொரு சிப்பின் மேலும் பொட்டு அளவுக்குக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அழிப்புப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் கீழே இருபது நிமிடம் வைத்தால் உள்ளே இருந்தது அழிந்துவிடும். பிறகு புதிதாகப் பதியலாம். அழிப்புப் பெட்டி பிலோமினாவின் மேஜை. இருபத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் பட்டறையில் வேலை செய்யும் சேவியரின் தங்கை. கம்பெனியில் எந்த விளையாட்டையும் கடைசிக் கட்டம் வரை ஆடி முடிக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அதனால் முதலாளி எதையும் அவளிடம் கொடுத்து ஆடவிட்டுத்தான் அனுப்புவார். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

என் பெண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இன்னா சார், குடத்தைத் தலைமேல வச்சிருக்கீங்க? எந்தக் காலண்டர்ல பாத்தீங்க?”

வேறு எங்கே வைப்பது என்று கேட்டேன்.

“இடுப்புல. இடது இடுப்புல. வலது கை சும்மா இருக்கணும் சார். இல்லாங்காட்டி முன்னாடி பூந்து வர்றவளை எப்படித் தள்றது?”

சார் என்று கூப்பிட வேண்டாம், பரிதி என்றே கூப்பிடுங்கள் என்று அவளிடம் பல முறை சொல்லிவிட்டேன். அதன் விளைவாக இப்போது கம்ப்யூட்டர் சார் என்று கூப்பிடுகிறாள்.

14 ஜூலை, புதன்

குடம் இடுப்புக்கு வந்துவிட்டது. பிலோமினா உடனே அடுத்த குற்றத்தைக் கண்டுபிடித்தாள்.

வலது பக்கம் நடக்கும் படத்தை மட்டும்தான் நான் வரைந்திருக்கிறேன். இடது பக்கம் நடக்கும்போது அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிக் காட்டும்படி விளையாட்டுப் பெட்டிக்கு உத்தரவு போட்டுவிடலாம். எல்லாரும் செய்வது அதுதான். பாதி இடம் மிச்சம். ஆனால் திருப்பும்போது குடமும் சேர்ந்து திரும்பி வலது இடுப்புக்குப் போய்விடுகிறது.

“திரும்புற நேரத்துல ஒருத்தி இடுப்பு மாத்துவாளா? பாதித் தண்ணி கீழ போயிடும். உங்க ஆளு தண்ணிக்கே வந்தவ இல்ல சார்.”

சரிதான். இடது பக்கத்துக்கு மட்டும் எட்டுக்கு எட்டுப் புள்ளியில் ஆறு படக் கட்டங்கள் புதிதாக வரைய வேண்டும். தொண்ணூற்றாறு பைட். கடைசியில் இடம் இருந்தால் செய்து தருவதாகச் சொன்னேன். கடைசியில் ஏமாத்துறவங்கதான் கடைசியில்னு சொல்லுவாங்க என்றாள்.

ஆறு கட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். வேறு எதற்கும் தொடமாட்டேன்.

22 ஜூலை, வியாழன்

அழிப்புப் பெட்டித் தொல்லை தீர்ந்தது.

ஒரு வரி மாற்றிப் பார்க்க வேண்டும் என்றாலும் சிப்பை அழித்து மறுபடி பதிய வேண்டும். பெட்டிக்குள் இருபது சிப் வைக்கலாம். அந்த இருபதும் உற்பத்திக்கே போதவில்லை. என் சிப்புக்காக மூடியைத் திறந்தால் விளக்கு அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து இருபது நிமிடம். நேற்று ஒரு நாளில் நான் நான்கு முறைதான் சோதித்துப் பார்க்க முடிந்தது. இப்படிப் போனால் அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும்.

மூடி திறந்தால் விளக்கை அணைக்கிற சின்ன சுவிட்ச் இப்போது இல்லை. மதியம் கரண்ட் போயிருந்த அரை மணி நேரம் அதற்குப் பயன்பட்டது. இனி மூடி திறந்தே இருக்கலாம். சுற்றிலும் தட்டு வைத்தால் அறுபது சிப் அழிகிறது. முதலாளி வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

பெண்களுக்கு அந்த நீல வெளிச்சம் பிடித்திருக்கிறது. மாதா கோயில் குடில் மாதிரி இருக்கிறது என்றாள் பிலோமினா.

23 ஜூலை, வெள்ளி

பதினோரு முறை சோதித்தேன். லாரி இப்போது குலுங்குகிறது.

3 ஆகஸ்ட், செவ்வாய்

பிலோமினாவுக்கு மெட்ராஸ் ஐ. இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். மற்ற மூன்று பேரில் இரண்டு பேருக்கும் லேசாகச் சிவந்திருக்கிறது. ஊரெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அலைகிற பருவம்தான் இது.

முதலாளி ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார்: கண் நோய் உள்ளவர்கள் ஆபீஸ் அறைக்குள் வரக்கூடாது. அதே அறையின் தரையைக் காலையில் பெருக்குவது அந்தப் பெண்கள்தான். சாப்பாட்டு நேரத்தில் பிலோமினாவை யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லை. டிபன் டப்பாவோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமாக இல்லையா, என் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாமே என்றாள். எனக்கு ஒட்டாது என்று சொன்னேன்.

ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

8 ஆகஸ்ட், ஞாயிறு

லாரி வரவில்லை. குளிக்கவில்லை.

10 ஆகஸ்ட், செவ்வாய்

தமிழ் எழுத்துகளில் ‘தண்ணி லாரி’ என்று தலைப்பு போட்டுவிட்டேன். கொம்பையும் காலையும் தனித்தனிக் கட்டமாக வைத்து ஒட்டினால் கொஞ்சம் இடத்தில் நிறைய எழுத்து வருகிறது. இங்கிலீஷில் போடு, அதுதான் கௌரவம் என்கிறார் முதலாளி. சண்டை போட்டேன். தமிழ் தங்கிவிட்டது.

பிலோமினா ஒன்று சொன்னாள். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் கண்ணில் மண் அள்ளிப் போட்டமாதிரி இருக்குமாம். ஞாயிறு லீவில் சரியாகிவிடுமாம். திங்கட்கிழமை வேலைக்கு வந்துபோன ராத்திரியே மறுபடி மண்.

“என் மெட்ராஸ் ஐ-க்கும் ஞாயித்துக்கிழமை லீவு சார். நம்ம முதலாளியை விட நல்லது.”

எல்லாரும் சிரித்தார்கள்.

புரோகிராமில் ஒரு தப்பு எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று குறித்துக்கொண்டே போனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். என் தொழிலே அதுதான். இன்று ஐந்தாம் கட்டத்தில் லாரி மறைந்துபோவதை அப்படித்தான் பிடித்தேன். இரண்டு குடம் ஒரே நேரத்தில் நிரம்பினால் மட்டும் மறைகிறது.

12 ஆகஸ்ட், வியாழன்

வேறு எதையோ தேடியபோது அழிப்புப் பெட்டியின் சின்னப் புத்தகம் கையில் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான்: விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்கக்கூடாது, மூடியைத் திறந்து இயக்கக்கூடாது. வெளிநாட்டுக்காரன் இஸ்திரிப் பெட்டிக்கும் இப்படி எச்சரிக்கைக் கட்டம் கட்டுவான்.

முதலாளியிடம் போய் இன்னொரு பெட்டி வாங்கித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வேலை வேகமாக நடக்கும் என்றேன். தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். மாருதி கார் வாங்கத் தீபாவளி வரை காத்திருக்கவில்லை இந்த ஆள். நாலு பெண்களுக்கு ஒரு மின்விசிறி, அதுவும் சிப்பின் மேல் தூசி பறக்கும் என்று பாதி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார். இவர்களைப் போன்றவர்களுக்கு மனிதர்களும் மூட்டையில் வரும் பழைய சிப்தான். அழித்து அழித்துப் பயன்படுத்தலாம், தேய்ந்தால் தூக்கி எறியலாம்.

சுவிட்சைத் திரும்ப வைத்தால் ஒவ்வொரு தடவைக்கும் நாற்பது சிப் குறையும், எனக்குச் சோதனை குறையும். அதை முடிவு செய்ய வேண்டியது முதலாளி.

சுவிட்ச் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

25 ஆகஸ்ட், புதன்

ஒரு கேட்ரிட்ஜ் அட்டைப் பெட்டியை வெட்டி விளக்குக்கும் பிலோமினாவின் நாற்காலிக்கும் நடுவில் தடுப்பு மாதிரி நிறுத்தினேன். எதற்கு என்று கேட்டாள். வெளிச்சம் கூசுகிறதே என்றேன். மதியத்துக்குள் அவளே அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். அட்டையைத் தாண்டிக் கை எட்டவில்லையாம்; எட்டாவிட்டால் எண்ணிக்கை குறைந்து மாலையில் முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டுமாம்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

மீதம்: புரோகிராமில் 2,140 பைட். படத்தில் அந்த ஆறு கட்டங்கள்.

6 செப்டம்பர், திங்கள்

இன்று அவளால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் வேலைக்கு வந்திருந்தாள். லீவு எடுத்தால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆறாம் கட்டத்தை ஆடிப் பார்க்க வேறு ஆளும் இல்லை. நானே ஆடினால் எங்கே தப்பு வரும் என்று தெரிந்து அந்தப் பக்கம் போகாமல் ஆடுகிறேன்.

என்னோடு பாலிடெக்னிக்கில் படித்துப் பாதியில் நின்ற சம்பந்தம் எஸ்டேட்டில் ஒரு கிளினிக்கில் கம்பவுண்டர். கடைசல் வேலை செய்கிறவர்களின் கண்ணில் இரும்புப் பிசிறு பாய்ந்தால், ஒரு சொட்டு விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் டாக்டர் அதை எடுப்பார். அந்தச் சொட்டு மருந்தில் ஒரு குப்பி கேட்டேன். யாருக்கு என்று கேட்டான். எனக்கு என்றேன். ஒரே ஒரு தடவை விடு, வீட்டுக்குக் கொண்டுபோகிற மருந்து இல்லை இது என்றான்.

மதியம் பிலோமினாவின் கண்ணில் விட்டதும் அரை நிமிடத்தில் வலி போய்விட்டது. கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

“சொர்க்கம் சார். நீங்க கம்ப்யூட்டர் சார் இல்ல, டாக்டர் சார்.”

மாலைக்குள் ஆறாம் கட்டத்தை முடித்துவிட்டாள். மூன்று தப்பு கண்டுபிடித்தாள். மூன்றும் உண்மையான தப்பு.

17 செப்டம்பர், வெள்ளி

இரண்டாவது குப்பி.

இன்று நல்ல நாள். லாரி கிளம்பிய பிறகும் குழாயிலிருந்து கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டுவதுபோல வைத்தேன். அதைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடலாம். எங்கள் தெருவாண்ட இப்படித்தான், எங்கள் அம்மா ஒரு தடவை ரயில்வே கேட் வரைக்கும் ஓடியிருக்கிறாள் என்று பிலோமினா சொன்னாள். பாதி விளையாட்டு அவள் சொல்லித்தான் வந்திருக்கிறது. முடிவுத் திரையில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரும் வரும் என்று சொன்னேன். எத்தனை பைட் சார் நானு என்று கேட்டாள். நான்கு எழுத்து, கொம்பு கால் சேர்த்து ஏழு பைட் என்றேன். சீப்பாத்தான் இருக்கேன் என்றாள்.

30 செப்டம்பர், வியாழன்

நான்காவது குப்பி. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை விட்டுக்கொள்கிறாள் போலிருக்கிறது. சம்பந்தம் இனிமேல் தரமாட்டேன் என்றான். மருந்தின் பெயரைச் சொன்னால் கடையிலேயே கொடுக்கிறார்கள். பெயரை ஒரு சீட்டில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மீதம் 310 பைட்.

8 அக்டோபர், வெள்ளி

அவளுடைய வலது கண்ணின் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. சோற்றுப் பருக்கை அளவு. வலிக்கவில்லை என்கிறாள். டிவி மட்டும் புகைமூட்டமாகத் தெரிகிறதாம். டிவியின் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள். டிவியில் ஒன்றும் இல்லை.

11 அக்டோபர், திங்கள்

பிலோமினா வரவில்லை.

13 அக்டோபர், புதன்

அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் சேவியர் நின்றிருந்தான். வேலை செய்த நீலச் சட்டையோடு வந்திருந்தான், சட்டை முழுக்க எண்ணெய். உள்ளே அவளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. வலதில் புண் ஆழமாக இறங்கியிருக்கிறது, இடதிலும் ஆரம்பித்திருக்கிறது.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பூஞ்சையா வேறு கிருமியா என்று தெரியவில்லை, எதற்கும் மருந்து கொடுத்துப் பார்க்கிறோம் என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

“வேலை செய்யற இடத்துல கண்ணுல ஏதாவது பட்டுதாம்மா? வெல்டிங், ஆசிட், அந்த மாதிரி? வெளியில வாங்கி ஏதாவது சொட்டு விட்டியா?”

“டிவி கேம் கம்பெனி மேடம். வெல்டிங்லாம் இல்ல. சொட்டு மருந்து கடையில வாங்கினேன். வெள்ளை டப்பா, பேரு தெரியாது.”

நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியும். வந்தவுடனே பேசியிருந்தேன். என் பக்கம் தலையைத் திருப்பவில்லை. டாக்டர் என்னையும் பார்த்தார். உங்களுக்குத் தெரியுமா என்பதுபோல.

என் சட்டைப் பையில் காலிக் குப்பி ஒன்று இருந்தது. கொடுப்பதற்காகத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்த நாட்டில் ஒரு கூலிக்காரப் பெண்ணின் கண்ணுக்கு ஒரு டாக்டர் மூன்று நிமிடம் ஒதுக்குகிறார். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். இதைப் பற்றி எவனும் எழுதமாட்டான்.

15 அக்டோபர், வெள்ளி

புரோகிராம் வேலை. வேறொன்றும் இல்லை.

18 அக்டோபர், திங்கள்

முதலாளிக்கு விளையாட்டு பிடித்திருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் சுடர் வீடியோ டாய்ஸின் சின்னம் வர வேண்டும், சுடர் அசைய வேண்டும் என்றார். இடம் இல்லை என்றேன். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். ஆறு படக் கட்டங்கள் என்றேன். அவ்வளவு கூடவா இல்லை என்று கேட்டார்.

சுடர் நன்றாக அசைகிறது.

முடிவுத் திரையில் பெயர்கள் வேண்டாம், எதற்கு வீண் வம்பு, நாளைக்குப் பெயரைப் பார்த்துவிட்டு இன்னொரு கம்பெனிக்காரன் கூப்பிடுவான் என்றார். என் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னார். இரண்டையும் எடுத்துவிட்டேன்.

20 அக்டோபர், புதன்

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலிக் குப்பியை நர்ஸிடம் கொடுத்தேன். அவர்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது என்று சொன்னேன். நர்ஸ் அதை டாக்டரிடம் கொண்டுபோக, டாக்டரே வெளியில் வந்தார். எத்தனை நாள் விட்டாள் என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்றேன். அவர் குப்பியின் மேல் இருந்த பெயரைப் படித்தார்.

“இது கருவிழியையே கரைச்சிடும்பா. புண்ணுக்கு மருந்து போட்டுட்டு இருக்கோம், அவ தலையணைக்குக் கீழ வச்சுக்கிட்டு இதையும் விட்டுட்டு இருந்திருக்கா, இன்னிக்கு வரைக்கும். ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தாக்கூட...”

நான் யார் என்று கேட்டார். கூட வேலை செய்கிறவன் என்றேன்.

விளக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை.

25 அக்டோபர், திங்கள்

சேவியர் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டான். காப்பி பிரிவில் இருக்கும் மற்றொரு பெண்ணிடம் பேசியிருக்கிறான். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை சரியாகிறதாம். நீல விளக்கு என்று மனுவில் எழுதியிருக்கிறான். கடைசல் பட்டறைக்காரன். வெல்டிங் வெளிச்சம் என்ன செய்யும் என்று பார்த்திருப்பான்.

நாளை ஆய்வாளர் வருகிறார் என்று முதலாளிக்கு முன்பே தகவல் வந்துவிட்டது. என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முதல் தடவையாக உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

“தம்பி, பெட்டி வாங்கினப்ப எப்படி இருந்துதோ அப்படி இருக்கட்டும். மீதியை நான் பாத்துக்கறேன். மூட வேண்டிய மூடியை அதுங்க திறந்து வச்சா நீயும் நானும் என்ன பண்றது?”

டிராயரைத் திறந்து சுவிட்சை எடுத்தேன். இரண்டு ஒயர், இரண்டு பற்றவைப்பு. பத்து நிமிட வேலை.

26 அக்டோபர், செவ்வாய்

ஆய்வாளர் மூடியைத் திறந்தார். விளக்கு அணைந்தது. மூடினார், எரிந்தது. மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். டெக்னிகல் ஆள் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பெண்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அவர் போன பிறகு, தீபாவளிச் சரக்கு முடியும்வரை மறுபடி மூடியைத் திறந்து வைக்க முடியுமா என்று முதலாளி கேட்டார். முடியாது என்றேன். சரி என்று உடனே விட்டுவிட்டார். அவ்வளவு எளிதாக விட்டுவிட்டார். ஜூலையில் நான் மூடியைத் திறந்ததும் அவர் கேட்டு அல்ல.

2 நவம்பர், செவ்வாய்

வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

5 நவம்பர், வெள்ளி

மழை. எல்லாரும் தெருவில் இறங்கி நனைந்தார்கள். இனி லாரி வராது என்று வீட்டுக்காரம்மா சொன்னார்.

13 நவம்பர், சனி, தீபாவளி

வேலை செய்கிற எல்லாருக்கும் அரைக் கிலோ மிக்சர், அரைக் கிலோ ஜாங்கிரி. எனக்கு ஒரு கிலோ, கூடவே ஒரு சட்டைத் துணி. வாங்கிக்கொண்டேன்.

21 நவம்பர், ஞாயிறு

பட்டரவாக்கத்தில் பிலோமினாவின் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது சந்து. மழைத் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. சேவியர் இல்லை. அவர்களுடைய அம்மா கதவைத் திறந்துவிட்டு, யார் என்று கூடக் கேட்காமல், உள்ளே இருக்கா என்றார்.

கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. இடது கண் திறந்திருந்தது. பால் ஊற்றினமாதிரி இருந்தது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியுமாம். வேறு ஒருவர் கண்ணிலிருந்து கருவிழி கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். வரிசையில் இருநூற்றுச் சொச்சம் பேர்.

“நிழல் உசரமா இருக்குதே, கம்ப்யூட்டர் சாரா?”

நான்தான் என்றேன். கொண்டுபோன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் வந்ததைக் கேட்டாள். எல்லாம் சேவியர் சொல்லியிருக்கிறான். மூடி திறந்தால் விளக்கு அணைகிறதாம், அவள்தான் ஏதோ செய்து திறந்து வைத்தாள் என்று எழுதிவிட்டார்களாம். சொல்லும்போது கோபம் எதுவும் இல்லை. அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த சுவிட்ச் என்று ஆரம்பித்தேன்.

“சுவிட்சை நீங்க கழட்டினப்ப கரண்ட் இல்ல. டார்ச் புடிச்சது நான்தானே பரிதி.”

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

வெளியே யாரோ பக்கெட்டில் தண்ணீரை மொண்டு மொண்டு தெருவில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணங்கிட்ட நான் அதைச் சொல்லல. வெட்டிப்புடுவான். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்த லைட்டு இப்படிப் பண்ணும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று சொல்ல முடியவில்லை. முகத்தில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பேனோ அது இப்போது அவள் முகத்தில் இல்லை.

பிறகு விளையாட்டைப் பற்றிக் கேட்டாள். கடைக்குப் போய்விட்டதா, பிள்ளைகள் வாங்குகிறார்களா, எட்டாம் கட்டத்தில் லாரி கிளம்புகிற வேகத்தைக் குறைத்தேனா. குறைத்துவிட்டேன் என்றேன். அது உண்மை.

“குடம்?”

என்ன குடம் என்று கேட்டேன். எனக்குத் தெரியும்.

“திரும்பினா இடுப்பு மாறுமே. சரி பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டேன்.”

“இடது பக்கம் நடந்தாலும் இடது இடுப்புலயே இருக்குதா?”

“இருக்குது.”

சிரித்தாள். இடுப்பில் கை வைத்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே உடம்பை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபக்கம். அப்ப தண்ணி சிந்தாது என்றாள்.

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

22 நவம்பர், திங்கள்

முதல் இரண்டாயிரமும் விற்றுவிட்டது. பொங்கலுக்கு இன்னும் மூவாயிரம் வேண்டும் என்கிறார்கள். ஏதாவது மாற்ற வேண்டுமா என்று முதலாளி கேட்டார். ஒன்றும் இல்லை, அப்படியே பதியலாம் என்றேன்.

மதியம் மாதிரிப் பெட்டியில் ஒரு முறை ஆடிப் பார்த்தேன். அவள் வலது பக்கம் நடக்கிறாள். குடம் இடது இடுப்பில் இருக்கிறது. லாரி பின்னால் வருகிறது, திரும்புகிறாள். குடம் வலது இடுப்பில் இருக்கிறது.